‘லென்ஸ் மங்கல்’ என்று சொன்ன கனகசபை

கனகசபை இறந்துவிட்டார். காலையில் அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்... பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருந்தாரே, அதே கனகசபைதான்.

எண்பத்தெட்டு வயது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

இங்கே எல்லோரும் அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டைப்பிஸ்ட். சனி, ஞாயிறுகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பேன். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்னிடமே வந்து, "போட்டோகிராபர் எங்கம்மா, இன்னும் வரலயா?" என்று கேட்டவர்கள் உண்டு.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜூம் லென்ஸ். செகண்ட் ஹேண்ட், மலிவு, யாரும் கேள்விப்படாத கம்பெனி. கேமராவைக் கீழே சாய்த்தால் லென்ஸ் தானாகவே நீண்டுகொள்ளும்.

பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் கனகசபையிடம்தான். "நல்லா எடுத்திருக்க மா" என்பார். அவருக்குப் போக வேண்டிய கல்யாணங்கள் என்னைத் தேடி வர ஆரம்பிக்கும் வரை அப்படித்தான் சொன்னார்.

ஒரு பெரிய கல்யாணம் வந்தது. பெண்ணின் அம்மாவுக்குக் காட்ட, முன்பு வேறு கல்யாணங்களில் நான் எடுத்த நான்கு படங்களைப் பெரிதாக்கச் சொல்லி கனகசபையிடம் கொடுத்திருந்தேன். அந்த அம்மாவையும் நேராக ஸ்டூடியோவுக்கே வரச் சொன்னேன். என் முட்டாள்தனம்.

கனகசபை படங்களைக் கவுண்டரில் பரப்பி, பூதக்கண்ணாடியை அந்த அம்மா கையில் கொடுத்தார்.

"நீங்களே பாருங்கக்கா. மணப்பொண்ணு கண்ணுல இமை முடி தெரியுதா? மலிவு லென்ஸ் இப்படித்தான். புள்ளைய குறை சொல்லல. ஆனா கல்யாணம் ஒரு தடவதான் லா."

நானும் பார்த்தேன். உண்மையிலேயே மங்கல்தான். நான்கும்.

அந்தக் கல்யாணம் அவருக்குப் போனது. அதோடு விடவில்லை... "அந்தப் பொண்ணு படம் மங்கலா வரும்" என்ற பேச்சு கிள்ளான் வரைக்கும் வந்தது. பேசி முடித்திருந்த மூன்று குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

லென்ஸைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுச் சுவரில் தமிழ்ப் பேப்பரின் விளம்பரப் பக்கத்தை ஒட்டினேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, ஒவ்வொரு அபெர்ச்சரிலும் ஒரு படம் எடுத்தேன்.

பிலிமை இந்த முறை கிள்ளானில் லேப் வைத்திருந்த லிம்மிடம் கொடுத்தேன்.

முழுதாகத் திறந்து எடுத்த படத்தில் ஓரங்கள் குழம்பித்தான் இருந்தன. ஆனால் வாயைச் சுருக்கி எட்டாம் எண்ணில் வைத்து எடுத்ததில், பக்கத்தின் மூலையில் ‘மணமகள் தேவை’ என்றிருந்த இடத்தில், ள் மேலிருந்த புள்ளி ஊசி குத்தினாற்போல் தெரிந்தது.

கல்யாணங்களில் நான் எப்போதும் ஃப்ளாஷ் போட்டு எட்டில்தான் எடுப்பேன். அப்புறம் எப்படி அந்த நான்கும் மங்கின?

பிரிண்டுகளையும் நெகட்டிவ்களையும் லிம் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"லென்ஸ் தா சாலா லா" என்றார். லென்ஸ் மேல் தப்பில்லை.

லென்ஸ் மோசமென்றால் முகம் மங்கும், ஆனால் பிலிமில் மணல் மாதிரி இருக்கும் பொடிப் புள்ளிகள் பிரிண்டில் கூர்மையாகவே விழும் என்றார். இந்தப் பிரிண்டுகளில் அந்தப் பொடியே கலங்கியிருந்தது. நெகட்டிவில் இமை முடி ஒவ்வொன்றும் இருந்தது.

அதாவது, பிரிண்ட் போட்டவர், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் போகஸை வேண்டுமென்றே கலைத்து வைத்துப் போட்டிருக்கிறார்.

நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறினேன்.

"என்லார்ஜர் ஆடியிருக்கும் மா" என்றார். முகத்தில் சிரிப்பு.

"நாலு படத்துக்குமா அங்கிள்?"

"வயசுப் பொண்ணு... காலாகாலத்துல கல்யாணம் பண்ணிக்க. இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

அந்த வாரமே டைப்பிஸ்ட் வேலையை விட்டேன்.

அவரிடம் படம் எடுத்த குடும்பங்களைத் தேடித் தேடிப் போனேன். அக்காவுக்கு அவர் எடுத்திருந்தால் தங்கைக்கு நான். பத்து வருடத்தில் அவருக்குப் பாஸ்போர்ட் படம் மட்டும்தான் மிச்சம். எனக்குக் கிள்ளானில் சொந்தக் கடை.

அப்போதும் மனம் ஆறவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"என் மகளுக்குக் கல்யாணம். உன்னத்தான் கேக்குறா."

"லென்ஸ் அதேதான் அங்கிள். பரவால்லயா?"

தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவர் உடைந்து அழுதார். வாய் கோணி, மூக்கு ஒழுகி... எட்டில் வைத்து எடுத்தேன். இமையில் தொங்கிய துளி வரைக்கும் படத்தில் விழுந்தது.

மகளுக்கு அருமையான ஆல்பம் செய்து கொடுத்தேன். அவள் மேல் எனக்கென்ன கோபம்? அந்த ஒரு படத்தை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை முகப்பில் கண்ணாடிக்குள் மாட்டினேன். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் முழுக்கப் பார்த்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார்.

"அத எடுத்துரு மா. பாக்குறவங்க சிரிக்கிறாங்க."

பூதக்கண்ணாடியை நீட்டினேன். "பாருங்க அங்கிள். இமை முடி தெரியுதா?"

பார்த்தார். "தெரியுது."

"மங்கலா இருக்கா?"

"இல்ல மா."

"சரி, போய்ட்டு வாங்க."

படத்தை எடுக்கவில்லை. வெயிலில் கலர் போனபோது புதிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினேன். மொத்தம் ஏழு வருடம். அவர் அதற்குப் பிறகு கிள்ளான் பக்கமே வரவில்லை என்று கேள்வி.

காலையில் வந்த செய்தியின் கடைசியில் மகள் கேட்டிருந்தாள். "அப்பா படம் நல்லதா ஒண்ணு இருந்தா அனுப்புங்கக்கா. மாலை போட வேணும்."

இருந்தது. அதே கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். வேண்டுமென்றே ஆல்பத்தில் வைக்காமல் விட்ட படம். இத்தனை வருடம் ஒருவருக்கும் காட்டவில்லை.

ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டேன்... அவளுக்காக. உங்களுக்காக இல்லை, அங்கிள்.

போய் வாருங்கள்.