அவிநாசிப் பக்கம் திரும்பாத கார்

பனியன் கம்பெனியில் நாலு காசு பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஒரு அமெரிக்கக் கார் வாங்கினார். கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் கழித்துவிட்ட பழைய கார். அறுபதுகளின் கடைசி அது. அந்தக் காரில் பவர் ஸ்டியரிங் இருந்தது. திருப்பூரில் வேறு யாரிடமும் அது கிடையாது என்பதை, வீட்டுக்கு வந்தவர் காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். "ஒத்தை விரல்ல திருப்பலாமுங்க" என்று சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவார். எழவு விசாரிக்கப் போன வீட்டிலும் அந்த விரல் எழும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

மார்கழி பிறந்தது. காலையில் காரை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் அசைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, சீட்டைவிட்டு எழும்பித் திருப்பினார். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சாதுவாகிவிடும். அதனால் மத்தியானம் வந்து பார்த்த மெக்கானிக், "நல்லாத்தானுங்க இருக்குது மொதலாளி" என்று சொல்லிப் போய்விட்டார்.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம். பங்காளி ஒருவர் டயரில் காற்றுப் போதாது என்றார். காற்றடித்த வேகத்தில் கார் தவளை மாதிரி குதித்தது. கம்பெனி ஃபிட்டர் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் முறுக்கினார். ஜோசியர் சனியைக் காரணம் காட்டினார். சனியும் காலையில் மட்டும்தான் வேலை பார்த்தது.

தை மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணம். விடியற்கால முகூர்த்தம். எதிர் கம்பெனி முதலாளியை, "நம்ம காருலயே போயிரலாம் வாங்க" என்று வலியக் கூப்பிட்டார். அவர் முன்சீட்டில், நான் பின்னால். தெருமுனையில் அவிநாசி ரோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். இவர் முக்கினார், முனகினார். கார் நேராகவே போய்த் தாராபுரம் ரோட்டில் ஏறிவிட்டது.

"ஏனுங்க, அவிநாசி அந்தப் பக்கமுல்ல?" என்றார் விருந்தாளி.

"தெரியுமுங்க. இங்க ஒரு தோட்டம் வெலைக்கு வருது. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்."

சொன்ன வாய்க்காக ஒரு தோட்டத்தைக் காட்டியே ஆக வேண்டும். கண்ணில் பட்ட சோளக்காட்டோரம் நிறுத்தினார். மூவரும் இறங்கினோம். வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் விருந்தாளி போய் விலை கேட்டார்.

"வெலையா? எவஞ் சொன்னான் உங்களுக்கு?" என்று அவர் குச்சியைத் துப்பிவிட்டு வந்த வேகத்தில் மூவரும் காருக்குள் பாய்ந்தோம். அதற்குள் கார் சூடாகியிருந்தது. இவர் ஒற்றை விரலால் திருப்பி, விருந்தாளியைப் பெருமையாகப் பார்த்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குழந்தைக்கு வயிறு மந்தம். விளக்கெண்ணெய் டின்னைத் தூக்கினேன், காலி டின்னாக வந்தது.

"ஏனுங்க, டின்னுல இருந்த எண்ணெய் எங்க போச்சு?"

அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "கார்த்திகையில ஸ்டியரிங்குல எண்ணெய் கொறஞ்சிருந்துச்சு அம்மிணி, ஊத்திட்டேன். எங்கய்யன் வண்டி அச்சுக்கு அதைத்தான் போடுவாரு. நல்லா வழுக்கும்."

"இந்தக் குளுருக்கு அது பாகாட்டம் கெட்டியாகிருமேங்க!"

அவர் போய் பானெட்டைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "நானும் அதைத்தான் நெனச்சுட்டே இருந்தேன்" என்றார்.

மெக்கானிக் மறுபடி வந்து எல்லாவற்றையும் வடித்தார். தெரு முழுக்கப் பேதி மருந்து வாசம். கழுவிவிட்டு, அதற்கென்று உள்ள மெல்லிய எண்ணெயை ஊற்றினார். அடுத்த நாள் விடியற்காலைப் பனியிலும் ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது.

வாசத்துக்குக் காரணம் தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை, டின் விஷயத்தை மெக்கானிக்கும் வெளியே விடவில்லை. ஆனால் காலையில் ஸ்டியரிங் இறுகினால் எண்ணெயில்தான் கோளாறு என்று அவரே கண்டுபிடித்ததாக ஊரில் பேச்சானது. அடுத்த மார்கழியில் லாரிக்காரர்கள்கூட மெக்கானிக்கிடம் போகுமுன் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அந்த லாரிகளில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. அவர் அதைக் கேட்கவுமில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்து, கருத்துச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.