தூங்கா நாட்டுக்கு நாற்பத்தொரு கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போன் என்னிடம் ஒரு விஷயம் சொன்னது. 'இந்தக் கணக்கிலிருந்து நீங்கள் கருத்துத் தெரிவிக்க இயலாது.'

எனக்கு! காய்கறி விலையில் ஆரம்பித்துக் கல்யாண மண்டபத்துச் செருப்பு ஸ்டாண்டு வரை, வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் கருத்துச் சொல்லியே காலம் தள்ளுகிறவளுக்கு!

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதுக்காவது தைரியம் இருக்கே" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. ஏனென்றால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாக அனுபவித்து, யோசித்து, அடித்துத் திருத்தி ஒரு கருத்து எழுதி வைத்திருந்தேன். ஒரு வீடியோ கேமைப் பற்றி.

'வசந்தா மேடம், இந்த வயசுல கேமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஐம்பத்திரண்டு வயதில், கேம்தான். கூத்தைக் கேளுங்கள்.

கொரட்டூரில் எங்கள் அடுக்குமாடி நிற்கிற இடம் முன்பு ஒரு குடும்பத்தின் நெல் வயல். நிலத்தைக் கொடுத்ததற்குக் கீழ்த்தளத்தில் இரண்டு வீடு வாங்கிக்கொண்டு அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை தினேஷ். முப்பத்து மூன்று வயது. அம்பத்தூரில் நல்ல ஐ.டி. வேலை. அதை விட்டுவிட்டு மூன்று வருடம் தனி ஆளாக ஓர் அறைக்குள் உட்கார்ந்து கேம் செய்தான். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், 'ஏம்ப்பா, வேலைக்குப் போகலியா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். கேட்டவர்களில் நானும் உண்டு.

கேமின் பெயர் 'தூங்கா நாடு'. ஒரு சூனியக்காரி ஒரு நாட்டு ஜனங்களின் தூக்கத்தை மொத்தமாகப் பறித்துக்கொண்டு போய்விடுகிறாள். ராஜாவிலிருந்து தோணிக்காரன் வரை ஒருத்தருக்கும் கண் மூடாது. நாம் ஊர் ஊராகப் போய், வழியில் வரும் பேய்களோடு சண்டை போட்டு, ஒவ்வொருவரையும் தூங்கவைக்க வேண்டும். அதில்தான் ஒரு கிடுக்கிப்பிடி. ஒருவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் முழுக்கக் கேட்க வேண்டும். பொறுமையில்லாமல் 'ஸ்கிப்' அழுத்தினால் அவர் தூங்கமாட்டார். அடுத்த ஊரில் பேயாக வந்து நம்மையே அடிப்பார்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது? 'ஏதோ கேமாம்' என்கிற அளவுக்குத்தான் தெரியும்.

தீபாவளி முடிந்து கேம் வெளியே வந்தது. இலவசம்தான். ஆனாலும் யாரும் சீண்டவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தினேஷின் அம்மா சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாங்காட்டு அம்மன்கிட்ட ஆறு வாரம் வர்றேன்னு வேண்டிகினு கீறேன்மா. கேம் நல்லா கீதா இல்லியான்னு ஜனங்க எழுதினாதான் அந்தக் கடைக்காரன் மத்தவங்களுக்குக் காட்டுவானாம். பொங்கலுக்குள்ள ஒண்ணும் ஆவலைன்னா பழையபடி வேலைக்கே பூடுறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கீறான்."

கடைக்காரன் என்று அவர் சொன்னது, நாம் போனில் ஆப் இறக்கிக்கொள்ளும் ஆன்லைன் கடையை. ஆக, மூன்று வருட உழைப்பு பொங்கலுக்குள் பிழைக்க வேண்டும். பிழைக்க வேண்டுமானால் விளையாடியவர்கள் கருத்து எழுத வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? என் ஜாதகமே அப்படி. கேட்டால் உதவிக்குப் போவேன்... கேட்காவிட்டால் இன்னும் சீக்கிரம் போவேன்.

அன்று சாயங்காலமே தினேஷ் வீட்டில் போய் உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறந்து, அதுவரை வந்திருந்த பதினேழு கருத்துகளையும் காட்டினான். 'சண்டையே வர மாட்டேங்குது, சுத்த போர்' என்று ஒருவர். 'நடை ஆமை மாதிரி இருக்கு' என்று மூன்று பேர். அந்த மூன்று பேருக்காக நடையின் வேகத்தைக் கூட்டிவிட்டேன் என்று ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி சொன்னான். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

ஒரு கருத்தை மட்டும் அவனே வாசித்துக் காட்டினான். யாரோ ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர் எழுதியது. 'தோணிக்காரர் கதையை பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். அவர் தூங்கியதும் அடுத்த ஊருக்குப் போக மனசில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த கேம் என்னை விரட்டவில்லை. மேப் படுமோசம். இருந்தாலும் நாலு ஸ்டார்.'

முடித்ததும் முதல் வரியிலிருந்து இன்னொருமுறை வாசித்தான். நான் கவனித்தது என்ன தெரியுமா? மேலே இருந்த சராசரி. மூன்றே கால் ஸ்டார். ஐயோ பாவம், பெயிலாகாமல் தப்பித்த மார்க்காச்சே என்று நினைத்தேன்.

கிளம்பும்போது, "நீங்களும் வெளயாடிப் பாருங்கக்கா. எந்த எடத்துல போரடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

இறக்கினேன். ஆரம்பத்திலேயே பெயர் கேட்டது. 'வசந்தா கொரட்டூர்' என்று பொறுப்பாக அடித்தேன். ஒரு கிழவர் பேச ஆரம்பித்தார். குக்கர் விசில் வந்தது. போனை வைத்துவிட்டுப் போனவள்தான்... திரும்ப எடுக்கவில்லை.

ஆனால், பார்த்த இடத்திலெல்லாம் 'கேம் சூப்பர் தினேஷ்' என்றேன். ஒருமுறை 'கிளைமாக்ஸ் பிரமாதம்ப்பா' என்றுகூடச் சொல்லித் தொலைத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்றான் அவன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நமக்கு அது பழகிப்போயிருக்கிறது. கல்யாண வீட்டில் சாம்பார் உப்புக் கரித்தாலும் கை கழுவும்போதே 'சாப்பாடு பிரமாதம்' என்கிறோம். நண்பர் கொடுத்த புத்தகத்தைப் பிரிக்காமலே 'அருமை சார்' என்கிறோம். இதே பக்கத்தைப் பற்றி என்னிடம் 'வாராவாரம் படிக்கிறேன் மேடம், சூப்பர்' என்று சொல்பவர்களில் யார் படிக்கவில்லை என்பது எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். மனசு சுருங்கிப்போகும். இருந்தும் அதையே அந்தப் பிள்ளைக்கு நானும் செய்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் எங்கள் அசோசியேஷன் செயலாளர். எங்கள் தெருவில் எதுவானாலும் கையெழுத்து வேட்டைதான். பள்ளிக்கூடத்து முனையில் வேகத்தடை வேண்டுமா? கையெழுத்து. டிரான்ஸ்பார்மரில் பொறி பறக்கிறதா? கையெழுத்து. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிப்பதில்லை. 'எங்கே போடணும் மேடம்?' அவ்வளவுதான். வேகத்தடையும் வந்தது, டிரான்ஸ்பார்மரும் வந்தது. கருத்து என்பதும் கையெழுத்து மாதிரி ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

மார்கழி முதல் சனிக்கிழமை காலை. தினேஷ் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வரும்போது இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்பது என் திட்டம். அசோசியேஷன் அறையில் மெதுவடை, டீ, வைஃபை. வரிசையாக வந்து போனை நீட்டினார்கள். கேமை இறக்கு, திறந்து பெயரை அடி, ஐந்து ஸ்டார் அழுத்து, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு வரியை ஒட்டு, கேமை அழி, வடை எடு. ஆளுக்கு இரண்டு நிமிடம். மத்தியானத்துக்குள் என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பேர்.

மூன்றாவது மாடி ராமநாதன் சார் மட்டும், சொந்தமாக ஒரு வரி சேர்த்தால்தான் நம்புவார்கள் என்று சொல்லி, 'பேக்கிங் நன்றாக இருந்தது' என்று எழுதினார். இன்னும் இரண்டு பேர், 'மேலே உள்ளதை அப்படியே காப்பி செய்து போடவும்' என்கிற என் குறிப்பையும் சேர்த்தே ஒட்டிவிட்டார்கள். சராசரி நாலரையைத் தொட்டது. அறையில் கைதட்டினோம்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடை நாங்கள் போட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ஒரே வைஃபை, ஒரே வாசகம், ஒரே காலைப்பொழுது. போலிக் கருத்துகள் என்று முடிவு கட்டி, தேடினாலும் கண்ணில் படாத இடத்துக்கு கேமைத் தள்ளிவிட்டது. விசாரித்துச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். பொங்கலுக்கு இருந்ததே நாலு வாரம்.

பதறி ஓடினேன். தினேஷ் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பரவால்லக்கா, நல்லது நெனச்சுதான் பண்ணீங்க" என்றான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியவில்லை. 'எல்லாரும் விளையாடிட்டுதான் போட்டாங்கப்பா' என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அவன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். யார் யார் எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்கிற பட்டியல். அது செய்தவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ராமநாதன், ஒரு நிமிடம். இன்னொருவர், இரண்டு நிமிடம். கீழே, ரொம்பக் கீழே, பழைய தேதியில் – வசந்தா கொரட்டூர், நாலு நிமிடம்.

ஆக, நான் கிளைமாக்ஸ் பிரமாதம் என்றபோதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் 'தேங்க்ஸ்க்கா' என்றிருக்கிறான். எனக்கு வெட்கத்தில் கூசியது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அது போதாதென்று இன்னொன்றையும் பார்த்தேன். அந்த ராத்திரி ஷிப்ட் மனிதர் தன் கருத்தை மாற்றி எழுதியிருந்தார். 'நேர்மையான ஆள் செய்த கேம் என்று நம்பினேன். காசு கொடுத்துப் பொய் எழுதவைக்கிறார் போல. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.' அதை மட்டும் தினேஷ் வாசித்துக் காட்டவில்லை. நானேதான் படித்துக்கொண்டேன்.

அவருக்கு நீ ஒரு பதில் எழுதலாமே என்றேன். "எழுதினேன். அவரு கேமை அழிச்சிட்டாரு" என்றான்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வேலையில் சேர்ந்துவிட்டான். அதே அம்பத்தூர், வேறு கம்பெனி, பழைய சம்பளத்துக்கும் கீழே. மொட்டைமாடியில் சரோஜா, "ஆறு வாரமும் போயிட்டுதான்மா வந்தேன். நடுவுல என்னா ஆச்சுன்னே தெரில" என்றார். தெரியவில்லையாம்! அவன் என் பெயரை வீட்டில் சொல்லவே இல்லை. அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். நானே சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் துணியையே உதறிக்கொண்டிருந்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாதது நியாயம்தான்.

அதற்குப் பிறகுதான் நான் 'தூங்கா நாடு' விளையாட ஆரம்பித்தேன். காலங்கடந்த புத்தி என்று திட்டிக்கொள்ளுங்கள்.

கொரட்டூரில் ரயிலேறினால் சென்ட்ரல் வரும்வரை அதுவேதான். முதல் அரை மணி நேரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது ஊரில், சந்தையிலிருந்து வெளியே போக வழி தெரியாமல் இரண்டு நாள் சுற்றினேன். சண்டை எனக்கு வரவே இல்லை. ஒரு குட்டிப் பேய் என்னைப் பதினோரு முறை அடித்துப் போட்டது. ஆனால் அந்த ஊரைத் தாண்டினேன் பாருங்கள்... அங்கே ஒரு தையற்காரி இருக்கிறாள். யாருக்கும் தூக்கம் இல்லாததால் ஊரே ராப்பகலாக அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறது. ஊசியைக் கீழே வைக்க விடுவதில்லை. அவள் கதையைக் கேட்டு முடித்து, அவள் மெஷின் மேலேயே தலை சாய்த்தபோது நான் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரயில் கொரட்டூரைத் தாண்டிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து திரும்பி வந்தேன். இந்த மாதிரி ஒன்று என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே உருவாகிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டதெல்லாம் 'வேலைக்குப் போகலியா?'

அறுபது நாளில் முடித்தேன். முடித்த கையோடு கருத்து எழுதி, நாலு ஸ்டார் போடப் போனபோதுதான் போன் அப்படிச் சொல்லிற்று. போலிக் கருத்துப் போட்ட நாற்பத்தொரு கணக்குகளையும் அந்தக் கடை பூட்டிவிட்டதாம். சரியாகத்தான் செய்திருக்கிறது.

என்ன செய்ய? எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவைத் திறந்தது தினேஷ். ஆபீஸ் லேப்டாப் கையிலேயே இருந்தது. தாளைக் கையில் கொடுக்காமல் நானே வாசித்தேன். சந்தையின் வழி சரியில்லை. கிழவர் ஆரம்பத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறார், அதில்தான் என்னைப் போன்றவர்கள் ஓடிவிடுகிறார்கள். தையற்காரியை இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம். கிளைமாக்ஸ் பிரமாதமெல்லாம் இல்லை. சூனியக்காரி சீக்கிரம் தோற்றுப்போகிறாள், அவள் கதையையும் ஒருத்தர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

அவன் லேப்டாப்பை மூடிக் கீழே வைத்தான். "குயவர் கதை வருமே... அத்த முழுசா கேட்டீங்களா?" என்றான்.

"இல்லப்பா. ஸ்கிப் பண்ணிட்டேன். அப்புறம் பேயா வந்து அடிச்சாரு."

சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை மாதம் இருக்கும்! எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டான். திரும்ப அதைத் தொடப்போகிறாயா என்று கேட்டேன். "டைம் எங்கக்கா?" என்றான். குறித்ததை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தான்.

"சந்தையத் தாண்ட முடியாமதான் எல்லாரும் போயிட்டாங்கன்னு எனக்கு இப்பதான் தெரியுது. போன கார்த்திகைல இந்த மாதிரி ஒருத்தர் உக்காந்து சொல்லியிருந்தா ஒரே வாரத்துல மாத்தியிருப்பேன். ஒருத்தர் போதும்க்கா."

நாற்பத்தொரு பேரைச் சேர்த்தேன். அந்த ஒருத்தர் மட்டும் அதில் இல்லை.