சும்மா கட்டிக் கொடுத்த சுவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆவணி மாதம். திருவொற்றியூரில் கடலோரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சந்தில் எங்கள் வீடு. கணவருக்குத் தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை. வருடா வருடம் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே கிளம்பிவிடுவோம். போகாவிட்டால் சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து எழ முடியாது.

அந்தச் சமயம் பார்த்துக் குளியலறையில் ஓதம் ஏறி, டைல்ஸ் எல்லாம் பெயர்ந்துகொண்டு நின்றது. நாங்கள் திரும்புவதற்குள் மாற்றிவிடச் சொல்லி, ஒரு மேஸ்திரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று விசாரித்தோமா? இல்லை. நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், அது போதும். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு வியாதி. சென்னைக்கு வந்து எத்தனை காலம் ஆனாலும், எதிரே இருப்பவர் பேச்சில் ஊர் வாடை அடித்தால் கல்லாப்பெட்டிச் சாவியையே நீட்டிவிடுவோம்.

எங்கள் பின்பக்கத்து மதிலில் ஒரு தகரக் கதவு உண்டு. அந்தப் பக்கம் குடியிருக்கும் அக்கா மீன் விற்பவர். அவர் கணவர் கடலுக்குப் போகிறவர். ரோட்டை ஒவ்வொரு முறையும் உயர்த்தி உயர்த்திப் போட்டதில் அவர்கள் வீடு பள்ளத்தில் போய்விட்டது. பெருமழை என்றால் தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். உடனே அந்தக் கதவு வழியாக வந்து, எங்கள் பின்படி ஏறி, மாடி அறையில் தங்கிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் சங்கராவும் வஞ்சிரமும் அந்தக் கதவு வழியாக இங்கே வரும், எங்கள் புளியும் பருப்பும் அங்கே போகும்.

கொடை முடிந்து திரும்பினால் கதவைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் வைத்துப் பளபளவென்று பூசியிருந்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"பாதுகாப்புக்குத்தான் மைனி. அந்தப் பக்கத்து ஆளுவ பாட்டுக்கு வந்து போறாவ. வீட்டுல ஆளில்லாத நேரத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? கூலியே வேண்டாம், சும்மாதான் கட்டிக் கொடுத்தேன்."

கதவு எங்கே என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

யாரைக் கேட்டுக் கட்டினார்? சரி, சொன்ன வேலையையாவது ஒழுங்காகச் செய்தாரா? குளியலறையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் அது நேராக ஹாலுக்கு நடந்து வந்தது. தரையின் வாட்டத்தை ஹால் பக்கமாகச் சரித்து வைத்திருந்தார் அந்த மகாராசன்.

அக்காவிடம் ஓடினேன். நாங்கள் சொல்லவில்லை, அவராகவே கட்டிவிட்டார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எப்போதும் 'இன்னாமே' என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு முகம் பார்க்காமல் பேசினார். "உங்க வூடு, உங்க சுவரு. நாங்க இன்னா சொல்லப் போறோம்? ஆனா, சாவிய எங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல?" அந்த 'உங்க' என்னை என்னமோ செய்தது.

அதற்குப் பிறகு மேஸ்திரியைத் துரத்துவதே பிழைப்பாகிப் போனது. நாளைக்கு வருகிறேன் என்பார். சித்தாள் வரவில்லை என்பார். மணலியில் கான்கிரீட் வேலை என்பார். அவருடைய மாமனார் எத்தனை தடவைதான் சாகக் கிடந்தாரோ தெரியாது. வேறு ஆளை வைத்து இடிக்கலாம் என்றால் என் கணவர் ஒரே பிடிவாதம். வேறு ஆள் கை வைத்தால் அதையே சாக்கு வைத்து டைல்ஸ் வேலையிலிருந்தும் நழுவிவிடுவார், கட்டினவரே இடிக்கட்டும் என்றார். நியாயம்தான். நியாயம் பேசிக்கொண்டே இருந்ததில் ஐப்பசி வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கணவர் கடையில் இருந்தார். எங்கள் வாசலிலேயே தண்ணீர் நின்றது. அப்படியென்றால் பின்பக்கம்? அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து கொண்டு வந்த, தேங்காய் உரிக்கும் கடப்பாரைதான் கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு போய், மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே சுவரில் குத்தினேன்.

நாலு குத்துதான். பொலபொலவென்று உதிர்ந்து மொத்தமும் சரிந்தது. சும்மா கட்டியதற்குச் சிமெண்ட் எதற்கு என்று வெறும் மணலைக் குழைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அந்த மனிதர் செய்த வேலைகளிலேயே எனக்கு உதவியது அந்த ஒரு மோசடிதான்.

அந்த வழியாகப் போய்ப் பார்த்தால் அக்கா வீட்டுக்குள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் மேல் துணி மூட்டையும், மடியில் குழந்தையோடு மகளும். பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"தெருவுல கால்வா தொறந்து கீது, கொழந்தைய தூக்கினு எப்டி வர்றது?" என்று குழந்தையை என் கையில் கொடுத்தார். "இந்தச் சுவர ஒரு ஒத வுட்டா வுழுந்துடும்னு அன்னிக்கே தெரியும்மே. உன் சுவராச்சே, நீயே தொறக்கட்டும்னுதான் இருந்தேன்."

மேஸ்திரி இன்றுவரை 'நாளைக்கு' வந்துகொண்டிருக்கிறார். சுவர் இருந்த இடத்தில் நாங்கள் கதவே வைக்கவில்லை, திறந்தே கிடக்கிறது. கொடைக்குப் போகும்போது சாவி இப்போது அக்காவிடம்தான். ஆனாலும், குளியலறைத் தண்ணீர் ஹாலுக்கு வந்து அதைத் துடைப்பத்தால் தள்ளும்போதெல்லாம், 'எங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல' என்று அக்கா கேட்டதுதான் காதில் விழுகிறது.