மூன்றாம் துளையில் வந்த காற்று

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து மின்னணு போர்டுகள் செய்து கொடுக்கிறோம். போர்டை வரைவது நான். அதிலிருக்கும் சிப் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது அவள். இருவரும் ஒரே படிப்பு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவர் தங்கையோடு சிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் என்று என் அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். நாத்தனார் இப்போது அனுமந்தன்பட்டியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். வாரத்தில் பாதி நாள் பஸ் ஏறி வருவாள், மீதி நாள் அங்கிருந்தே வேலை.

ஐப்பசி மழையில் ஒரு இடி இடித்து எங்கள் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதாக வாங்கியதில் பழைய மென்பொருள் ஏறவே மறுத்தது. வேறு வழியில்லாமல் புதிய மென்பொருளுக்கு மாறினோம். முன்பு போர்டு வரைவது ஒரு மென்பொருளில், சிப்புக்கு எழுதுவது இன்னொன்றில். சிப்பைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களில் எதற்கு என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வோம். புதியதில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

"இனிமே தாளே வேணாம் மதினி. நீங்க அங்கன கோடு போட்டா எனக்கு இங்கன தெரிஞ்சிரும்" என்று நாத்தனார் போனில் குதித்தாள்.

எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் என் சமையலறையை யாரோ மாற்றி அடுக்கி வைத்தது போலிருந்தது. இத்தனை வருஷமும் போர்டின் மேல்பக்கத்துக்குச் சிவப்பு, கீழ்ப்பக்கத்துக்கு நீலம். இதில் மேல்பக்கம் பச்சை. அழிக்கும் பொத்தானைத் தேடி அலைந்தேன். நான் கேட்காமலேயே ஓரத்தில் ஒரு பெட்டி திறந்து, "இதைச் செய்யட்டுமா?" என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது கையில் இருந்தது போடி வியாபாரி ஒருவரின் வேலை. அவர் குடோனில் ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் இருந்தது. காய்கள் எட்டுத் தடங்களில் சரிந்து விழும். விழும்போதே கேமரா பார்க்கும். வெளுத்த காய், வெடித்த காய் என்றால் அந்தத் தடத்துக்கு நேரே இருக்கும் துளையிலிருந்து காற்று ஒரு ஊது ஊதிக் கழிவுப் பெட்டியில் தள்ளிவிடும். கேமராவுக்கும் காற்றுக்கும் நடுவிலிருந்த போர்டு பழுதாகி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாமல் எங்களிடம் வந்திருந்தார்.

நான் வரைந்தபோது சிப்பிலிருந்து காற்றுத் துளைகளுக்குப் போகும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பூனை புரண்ட நூற்கண்டாகக் கிடந்தன. ஓரப் பெட்டி திறந்து, "சிக்கெடுக்கட்டுமா?" என்ற பொருளில் ஏதோ கேட்டது. சரி என்று அழுத்தினேன். கண் இமைப்பதற்குள் கோடுகள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடியாக நேரே நின்றன. இந்தச் சிப்பில் எந்தக் காலுக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். அதனால் மென்பொருள் கால்களை மாற்றிப் போட்டு நேராக்கியிருந்தது. ஒரே இடத்தில் இருப்பதால் நாத்தனார் பக்கமும் தானாக மாறிவிட்டிருக்கும் என்று நினைத்தேன்.

போர்டு தயாராகி வந்ததும் நான் மட்டும் போடிக்குப் போய் மாட்டினேன். இயந்திரம் ஓடியது. வியாபாரி ஒரு கை காயை அள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது? நல்ல காயெல்லாம் கழிவுல போயி விழுகுது. வெளுத்ததெல்லாம் இங்கிட்டு வந்திருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். நடுவில் மூன்று தடங்கள் ஒழுங்காகவே பிரித்தன. மற்றவைதான் தாறுமாறு. முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். கையால் காய் பிரிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "மிசினுக்குக் கண்ணாடி போடணும் போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. எட்டுத் தடமும் ஓடுவதைப் போனில் வீடியோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன்.

அவள் உடனே கூப்பிட்டாள். "நான் பாக்குறேன் மதினி."

"சரித்தா, நானும் பாக்குறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து தேடியதில், கால்கள் மாறிய விஷயத்துக்கு அவள் பக்கமும் சம்மதம் கேட்டு ஒரு சின்ன மஞ்சள் குறி நிற்பது தெரிந்தது. அது தானாக மாறாதாம், இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நானே ஒப்புதல் கொடுத்தேன். புதிய கோப்பு தயாரானது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் இருவரும் அவரவர் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போடிக்குப் போனோம். கோப்பைச் சிப்பில் ஏற்றி ஓடவிட்டோம். முந்தின நாள் ஒழுங்காக இருந்த நடுத்தடங்கள் மட்டும் இன்றும் ஒழுங்கு. மற்றவற்றில் தப்பு அப்படியே இருந்தது, ஆனால் வேறு மாதிரித் தப்பு. வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று கண்டது கனவா, இன்று காண்பது கனவா என்றே தெரியவில்லை.

"ஒவ்வொரு தடமாப் பாப்போம்" என்றாள் நாத்தனார். பிரிக்கும் பெண்களில் ஒருத்தியின் தூக்குச்சட்டிப் பையில் புளியங்கொட்டை இருந்தது. கறுப்பாக இருப்பதால் கேமரா அதைக் கட்டாயம் கழிக்கும். காய்களை நிறுத்திவிட்டு, நாத்தனார் முதல் தடத்தில் ஒரு கொட்டையைப் போட, நான் துளைகளுக்கு எதிரே கையை விரித்து வைத்தேன். முதல் துளையில் ஒன்றும் இல்லை. மூன்றாம் துளையிலிருந்து என் நடுவிரலில் சில்லென்று காற்று அடித்தது.

"மூணுல வருதுத்தா!"

"மூணுலயா? இருக்காதே. அதைத்தான மாத்துனேன்."

"நீ எதை மாத்துன? நான்ல மாத்துனேன்."

"நீங்க என்னத்த மாத்துனீக?"

"அந்த மஞ்சக்குறிய. கால் மாறுனதுக்கு ஒப்புதல் கேட்டுச்சுல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் குறி அவளுக்குத் தெரியாது. நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, எந்தத் தடத்துக் காற்று எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு, தான் எழுதியதிலேயே வரிசையை அதற்கேற்ப மாற்றிப் போட்டிருந்தாள். அவள் திருத்தம் தனியாகச் சரி. என் திருத்தமும் தனியாகச் சரி. இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்ததும் மறுபடி தப்பு. "பாக்குறேன்" என்று அவள் சொன்னது சரிசெய்துவிடுகிறேன் என்ற பொருளில். நான் அதைச் சும்மா பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப யாருதை நீக்குறது?" என்றாள்.

"உன்னுதை எடு. இல்ல, இரு. என்னுதை எடுத்தா..." சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. சரியான இரண்டில் ஒன்றை அழிக்க மனம் வரவில்லை. கடைசியில் அவளே மடிக்கணினியைத் திறந்து தன்னுடைய திருத்தத்தை நீக்கிக் கோப்பை மறுபடி ஏற்றினாள். மறுபடி ஒவ்வொரு தடமாகக் கொட்டையைப் போட்டோம். காற்று அந்தந்தத் துளையில் வந்தது. காயை ஓடவிட்டோம். பச்சைக் காய் ஒரு பக்கமும் வெளுத்தது ஒரு பக்கமுமாக விழுந்தபோது வியாபாரி எழுந்து வந்தார்.

"என்னதாம்மா கோளாறு?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். கால்கள், சம்மதம், இரண்டு திருத்தம் என்று எங்கே தொடங்குவது? "வயரு மாறிப்போச்சுங்க அண்ணாச்சி" என்றேன். அந்தப் போர்டில் வயரே கிடையாது.

"அட, இம்புட்டுத்தானா? முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று காப்பி வாங்கிவரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். "மதினி, சிக்கெடுக்கையில நடுவுல மூணை மட்டும் அது ஏன் மாத்தல?"

அந்தக் கோடுகளும் சிக்கிக்கொண்டுதான் கிடந்தன. என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் மென்பொருளைத் திறந்து உதவிப் பக்கம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். பதில் இல்லை. இப்போது அது சிக்கெடுக்கட்டுமா என்று கேட்டால், முதலில் அனுமந்தன்பட்டிக்குப் போன் போடுகிறேன்.