சாமி மாத்திரை

நைட்டியின் கழுத்துப் பட்டியை இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டிக்கொண்டே சீதாலட்சுமி வந்தவளின் உபாதைக்கும் காரணம் சொல்வார். "சுருங்காது, சாயமும் போகாது. நீ என்னத்தா சொன்ன, மாசத்து நடுவுல லேசா ரத்தம் படுதா? மொதல்ல பிராய்லர் கோழிய நிறுத்து. அம்புட்டும் சூடு." நைட்டி பிடிக்காவிட்டால் மறுநாள் மாற்றித் தருவார். காரணத்தை மாற்றித் தரமாட்டார்.

மானகிரியில் அவருடைய வீட்டு முன்னறைதான் கடை. கணவர் காளிதாஸ் ஆசாரி காரைக்குடி முழுக்க மாடுலர் கிச்சன் செய்து கொடுப்பவர். மிச்சப் பலகையில் அவர் அடித்துக் கொடுத்த அலமாரியில் நைட்டிகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும். வருகிற பெண்கள் துணியைத் தடவிக்கொண்டே வாசலை ஒருதரம் பார்ப்பார்கள். ஆண்கள் யாரும் இல்லையென்றால், டாக்டரிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் இவரிடம் கொட்டிவிடுவார்கள். சீதாலட்சுமி முகம் சுளிக்காமல் கேட்பார். அந்தக் குணத்துக்காகவே அவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

கேட்டு முடிப்பதற்குள் காரணம் தயாராகிவிடும் என்பதுதான் சங்கடம். ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்கு அடிவயிறு வலித்தால் பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்கூட்டி. ஓட்டாதவளுக்கு வலித்தால் உட்கார்ந்தே கிடப்பது. ஒக்கூரிலிருந்து வந்த ஒரு பெண் கொஞ்ச நாளாகவே இடையிடையே படுகிறது என்றாள். "புது வீட்டுக்கு கிரானைட் போட்டீகள்ல? அந்தக் குளிரு ஏறியிருக்கும்" என்றார் சீதாலட்சுமி. சூட்டால் வருவது குளிரால் எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தரை முழுக்கப் பாய் விரித்துவிட்டதாகக் கேள்வி.

அவரிடம் விலையில்லாத சரக்கு ஒன்றும் உண்டு. கைப்பையின் ஜிப் வைத்த உள்ளறையில் எப்போதும் ஒரு மாத்திரைப் பட்டை இருக்கும். வீட்டு விசேஷம் நெருங்கும்போது மாதவிலக்குத் தேதி வந்து இடித்தால், தள்ளிப்போட அதைக் கொடுப்பார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. "சாமி மாத்திரை" என்று அவரே பெயரும் வைத்திருக்கிறார். "அது மருந்தாத்தா? சாமிகிட்ட லீவு சொல்லாம இருக்குறதுக்கு ஒரு வழி. அம்புட்டுத்தேன்."

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முன்னோருக்குச் சமைத்து வைத்துக் கும்பிடுகிற படைப்பு என்றால், உலை வைக்கிற பெண் சுத்தமாக இருந்தாக வேண்டும். படைப்புத் தேதியை மாற்றுவதென்றால் பங்காளிகள் அத்தனை பேரையும் கேட்க வேண்டும். பெண்ணின் தேதியை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. எது சுலபமோ அதைச் செய்கிறார்கள்.

சீதாலட்சுமி இந்த வருஷம் ஒரு விசேஷத்தையும் விடவில்லை. தையில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், மாசியில் கும்பாபிஷேகம், பங்குனியில் பால்குடம், சித்திரையில் கல்யாணம். எல்லாவற்றிலும் முன்வரிசையில் பட்டுப்புடவையோடு நின்றார். வைகாசியில் அவருக்கே மாத நடுவில் படத் தொடங்கியது. அடிவயிற்றில் வலது பக்கம் பிடித்து இழுத்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசித்தார்.

காரணத்துக்கா அவரிடம் பஞ்சம்? கோழியை நிறுத்தினார், கத்திரிக்காயை நிறுத்தினார். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினார். புது அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பக்கத்து வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். காளிதாஸ் என்னவென்று கேட்டார். "வயித்து வலி" என்றார் இவர். "ஒரு சோடா வாங்கியாரவா?" என்று அவரும் கடமையை முடித்துக்கொண்டார். சீதாலட்சுமி உடுத்துகிற நைட்டி மட்டும் கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு என்று மாறியது. "இப்ப டார்க் கலருக்குத்தேன் டிமாண்டு" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டார்.

உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார். அவருடைய சித்தி கர்ப்பப்பைப் புற்றில் போனவர். அதையும் கடைசி வரைக்கும் வீட்டில் சூடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டியவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். காளிதாஸ் ஆட்டோ பிடித்து காரைக்குடிக்கு அழைத்துப் போனார். பெண் டாக்டர் என்றதும் உள்ளே வரமாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்று, ஜன்னல் சட்டத்தின் மூலை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குச் சின்ன வயது. எப்போது படுகிறது, எவ்வளவு, காய்ச்சல் உண்டா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையே நான் தொடுறதில்லீக" என்றார் சீதாலட்சுமி. பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

"இது எதனாலன்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. கர்ப்பப்பையில கட்டி இருக்கலாம், நீர்க்கட்டி இருக்கலாம். கிருமித் தொற்றாக்கூட இருக்கலாம். புற்று இல்லைன்னும் உறுதிப்படுத்திக்கணும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, டெஸ்ட்டும் பண்ணிடலாம்."

இவ்வளவு படித்தும் ஒரு காரணத்தை அடித்துச் சொல்லத் தெரியவில்லையே என்று சீதாலட்சுமிக்கு டாக்டர் மேல் இரக்கம் வந்தது. எழுந்துகொள்ளும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார்.

"விசேஷத்துக்குத் தள்ளிப்போட மாத்திரை போடுவாங்களே, அத அடிக்கடி போட்டாலும் இப்படி நடுவுல படும். நீங்க போட்டீங்களா?"

சீதாலட்சுமி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். தை முதல் சித்திரை வரை தன் வயிற்றுக்குப் போன மாத்திரைகள் ஒரு பக்கம். தெருத்தெருவாக அவர் கையால் வாங்கி விழுங்கியவர்கள் இன்னொரு பக்கம். ஒக்கூர்க்காரி பாய் விரித்த தரைகூட நினைவுக்கு வந்தது. அவளும் கிரகப்பிரவேசத்துக்கு இவரிடம்தான் வாங்கிப் போனாள். சீதாலட்சுமி இல்லையென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

ஸ்கேனுக்குக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் சண்முகப்ரியா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்து குனிந்தாள். அவள் பழைய வாடிக்கை, பூப்போட்ட நைட்டிதான் எடுப்பாள்.

"அக்கா, வெள்ளிக்கெழம எங்க வீட்டுல படைப்பு. மாமியா என்னயத்தேன் ஒல வைக்கச் சொல்லிருக்கு. ஒங்க சாமி மாத்திரை கைவசம் வச்சிருக்கீகளா?"

"இங்குட்டு வந்துமா கேக்குற? உள்ள டாக்டரம்மா இருக்காகளே."

"அவுகளுக்கு எங்க தெரியப்போவுது? குடுங்கக்கா."

பழகிய கை தானாகவே ஜிப்பைத் திறந்து பட்டையை எடுத்தும்விட்டது. சண்முகப்ரியா உள்ளங்கையை நீட்டினாள். சீதாலட்சுமி அந்தக் கையையே பார்த்தார். பிறகு அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்தார். உள்ளே கூப்பிடும் மணி அடிக்கக் காத்திராமல் டாக்டர் அறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, பாதி தீர்ந்திருந்த பட்டையை மேசைமேல் வைத்தார்.