லாரி டியூப் மேல ஒரு கருப்புக் கோடு

இன்னிக்கு அரியலூர்ல பார்த்தது ஜெயசித்ரா மேடத்தை. ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லித் தராங்க. பேசிக்கிட்டே இருந்தவங்க சட்டுன்னு கையைத் தூக்கினாங்க. வெளிய சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு போச்சு. சத்தம் அடங்கினதும் விட்ட இடத்துலேருந்து தொடர்ந்தாங்க. கிளாஸ்லயும் இப்படித்தானாம். செந்துறை பஸ்ல ஒருநாள் இப்படிக் கை தூக்கப்போய், "எறங்கணுமாம்மா?"ன்னு கண்டக்டர் விசிலே அடிச்சுட்டாராம்.

மேடம் செய்யிறது ஒரு சென்சார். கண்ணாடிப் பட்டகம், அதுமேல தங்கப் பூச்சு. தலைமுடியை ஆயிரமாப் பிளந்தாலும் அவ்வளவு மெல்லிசு வராது. அந்த அளவை மாசக்கணக்கா கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சு, திருச்சியில பூசி வாங்கிட்டு வந்தாங்க. அடியிலேருந்து சிவப்பு லேசர் அடிச்சா, திரும்பி வர்ற வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு கருப்புக் கோடு. ஒரு குறிப்பிட்ட கோணத்துல வர்ற வெளிச்சத்தை மட்டும் தங்கம் முழுங்கிடுது. பருத்திக்கு அடிக்கிற மருந்து கிணத்துத் தண்ணியில கலந்திருந்து, தங்கத்துல துளி ஒட்டினாலும் கோடு நகரும். "வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடும்ங்க."

ஆனா ரோட்டுல லாரி போனாலும் கோடு ஆடுச்சு; அது போறவரைக்கும் கையைத் தூக்கி எல்லாத்தையும் நிறுத்தி நிறுத்தி வந்த பழக்கம்தான் அந்தக் கை. ஆட்டறது மருந்தா, லாரியா? வெள்ளிக்கிழமைக்குள்ள கோடு நிக்கலேன்னா சென்சார் இருக்கிற ரூமுக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்துடும்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு.

காலேஜுக்கு எதிர்த்தாப்புல பூமாலையோட பஞ்சர் கடை. அதிர்வை வாங்கிக்கும்னு மேடம் ஒரு பழைய லாரி டியூப் கேட்டாங்க. டியூப் மேல கடப்பாக்கல், கல்லு மேல சென்சார். பூமாலை ஆசையா, கல்லு மாதிரி காத்தடிச்சுக் கொடுத்தாரு. கோடு இன்னும் குதிச்சுது.

"காத்து பத்தலைங்களா மேடம்?"

"கூடிப்போச்சுண்ணே. பாதியைப் புடுங்கி விடுங்க."

"பூமாலை கடையில காத்து கம்மின்னு பேராயிடும். வெளிய சொல்லிடாதீங்க."

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் நிக்கும்போதே லோடு லாரி வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி கடகடன்னுது. கோடு அசையல. அப்புறம் மருந்து கலந்த தண்ணி ஒரு சொட்டு விட்டாங்க. கோடு மெதுவா நகர்ந்து, நின்னுடுச்சு.

"ஜெராக்ஸை மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கலாம்"னாரு பிரின்சிபால்.

மேடம் ரோட்டைத் தாண்டி ஓடி, கிரீஸ் கையோட பூமாலையை இழுத்துட்டு வந்தாங்க. "இவருதான் சார் கோட்டை நிக்க வெச்சது." அவரு கோட்டைப் பாக்கவேயில்ல. குனிஞ்சு டியூப்பைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தாரு.

இப்பல்லாம் லாரிக்காக அளவெடுக்கறதை நிறுத்தவே வேணாம். ஆனாலும் நான் கிளம்பும்போது இன்னொரு லாரி வர, மேடம் கை தானா மேல போச்சு. கோட்டைப் பார்த்தாங்க, அப்படியே நிக்குது. தூக்கின கையை இறக்காம ஜன்னல் பக்கம் திரும்பி, டிரைவருக்கு டாட்டா காட்டினாங்க.

அரியலூர் பக்கம் போனா ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. செருப்பை வெளிய விடுங்க, தூசு ஆகாது. முடிஞ்சா ஒரு கைப்பம்பு கொண்டுபோங்க. டியூப் பழசு, காத்து இறங்குது.