ஒரே கம்பியில் இரண்டு பல்பு

யுத்த காலத்தில் மேட்டூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கரண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கம்பி இழுக்கிற வேலையில் இருந்தார். ஆனாலும் அப்போது கம்பி கிடைப்பது கஷ்டம். கையில் இருந்ததை வைத்து, அடுப்படிக்கு ஒன்று உள்ளறைக்கு ஒன்று என இரண்டு பல்பை வரிசையாகக் கோத்துவிட்டார். என் பல்புக்குள் புகுந்து வெளியே வருகிற கரண்டுதான் அவர் பல்புக்கும் போக வேண்டும். அதனால் இரண்டுமே மங்கலாக அழுது வடியும். ஒன்று போனால் மற்றதும் அணைந்துவிடும்.

"மங்கலா எரிஞ்சா பல்பு சீக்கிரம் போகாது புள்ள" என்று பெருமை வேறு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். கேலி செய்ய அதுவே அதிகம். சோற்றில் கல்லைக் கண்ணால் பார்க்க வழியில்லை, கடித்துத்தான் கண்டுபிடிக்கிறோம் என்பேன். கம்பி கிடைத்ததும் தனித்தனியாக இழுத்துத் தருகிறேன் என்பார்.

அந்த வருஷம் காய்ச்சல் கண்டு பத்து நாள் உள்ளறையில் படுத்திருந்தார். எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒரு சாயங்காலம் கஞ்சி காய்ச்சும்போது விளக்கு பட்டென்று அணைந்தது. என் பல்புதான் போச்சு என்று நினைத்தேன். முக்காலியில் ஏறித் தட்டினேன், திருகினேன், கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். வாய் சும்மா இருந்ததா?

"ஏனுங்க, போகாத பல்பு போயிருச்சுங்க. எந்திரிச்சு வந்து உங்க வித்தையக் காட்டுங்க."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். அடுப்பு வெளிச்சத்திலேயே கஞ்சியைக் கிண்டி இறக்கி, நிதானமாக ஆற்றி எடுத்துப் போனேன். காலில் கண்ணாடி குத்தியது. தரையில் கிடந்தார். எழுந்திருக்கப் பார்த்து, தொங்கிய பல்பைப் பிடித்து, அதோடு விழுந்திருக்கிறார். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

விழுந்த உடனே யாராவது தூக்கியிருந்தால் என்று ஆரம்பித்த வைத்தியர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு, அவரோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் எங்கேயோ அலைந்து கம்பி கொண்டுவந்தார். இரண்டு பல்புக்கும் தனித்தனியாக இழுத்தார்.

"இனி ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நல்லா எரியுங்கக்கா."

அடுப்படி பளீரென்று ஆனது. அப்படி எரியச் சொல்லி யார் கேட்டது என்று கேட்க நாக்கு துடித்தது. பாவம், பாடுபட்ட மனிதர். "நல்லதுங்க தம்பி" என்றேன்.

தம்பி போனதும் சுவிட்சை அணைத்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தம்பியின் சைக்கிள் சத்தம் தெருவில் கேட்டால் மட்டும் ஓடிப்போய்ப் போட்டுவைப்பேன்.